லினக்ஸும் விண்டோஸும்: ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றை இயக்குவது எப்படி?

லினக்ஸ் கணினியில் உட்கார்ந்துகொண்டு, வேறோர் இடத்தில் இருக்கும் விண்டோஸ் கணினியின் திரையைப் பார்க்கலாம், அதன் மவுஸை நகர்த்தலாம், அதில் தட்டச்சு செய்யலாம். விண்டோஸில் இருந்தபடி லினக்ஸையும் அப்படியே இயக்கலாம். இதைத்தான் ரிமோட் டெஸ்க்டாப் என்கிறோம். இரண்டும் வேறு வேறு இயங்குதளம் ஆயிற்றே, ஒத்துப்போகுமா என்ற தயக்கம் புதியவர்களுக்கு வரும். ஒத்துப்போகும். இரண்டு பக்கமும் ஒரே நெறிமுறையை, அதாவது கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகளின் தொகுப்பை, பின்பற்றினால் போதும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நிரல்கள் எல்லாம் தொலைவில் இருக்கும் கணினியில்தான் ஓடுகின்றன. கோப்புகளும் அங்கேயேதான் இருக்கின்றன. அங்கிருந்து உங்களுக்கு வருவது திரையின் படம் மட்டும். இங்கிருந்து அங்கே போவது நீங்கள் அழுத்திய விசைகளும் மவுஸின் அசைவும். அதனால் உங்கள் முன்னால் இருப்பது பழைய, மெதுவான கணினியாக இருந்தாலும் பரவாயில்லை. கனமான வேலையை அந்தப் பக்கம் பார்த்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் இணைப்பு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதிலும் வேகத்தைவிடத் தாமதம் குறைவாக இருப்பதுதான் முக்கியம். ஓர் எழுத்தைத் தட்டினால் அது அங்கே போய், திரை மாறி, படம் திரும்பி வந்த பிறகுதான் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

இந்த வேலைக்குப் பரவலாகப் புழங்கும் நெறிமுறைகள் இரண்டு. ஒன்று மைக்ரோசாஃப்ட்டின் ஆர்டிபி. 1998-இல் விண்டோஸ் என்டி 4.0-இன் டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்தது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல் வழியாகச் சாதாரண மேசைக் கணினிக்கும் இறங்கியது. இன்னொன்று விஎன்சி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் 1990-களின் பிற்பகுதியில் பிறந்தது. விஎன்சியின் வழி மிக எளிமையானது: திரையில் எந்தச் செவ்வகம் மாறியதோ அந்தச் செவ்வகத்தின் படத்தை அனுப்பு. அதனால் எந்தக் கணினியிலும் ஓடும். ஆனால் பழைய விஎன்சி முறையில் பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துகள்தான் கணக்கில் வரும். போக்குவரத்தும் மறையாக்கம் இல்லாமல், நடுவில் இருப்பவர் படிக்கக்கூடிய வடிவில் போகும். ஆர்டிபி மறையாக்கத்தோடு வருகிறது. ஒலி, கிளிப்போர்ட், கோப்பு, திரை அளவு எல்லாவற்றையும் சேர்த்துக் கையாள்கிறது. லினக்ஸுக்கும் நல்ல ஆர்டிபி நிரல்கள் இருக்கும் இந்தக் காலத்தில், இரண்டு திசைக்குமே ஆர்டிபியைத்தான் பரிந்துரைப்பேன்.

தொடங்கும் முன் இரண்டு கேள்விகள்

ரிமோட் டெஸ்க்டாப்பில் புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் நிரல்களை நிறுவத் தொடங்கியதுதான் காரணமாக இருக்கும். அதனால் இதில் கொஞ்சம் நின்று போவோம்.

முதல் கேள்வி: நான் எந்தக் கணினியின் முன்னால் உட்காரப் போகிறேன்? அந்தக் கணினியில் கிளையன்ட், அதாவது இணைப்பைத் தொடங்கும் நிரல், வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டிய கணினியில் சர்வர் வேண்டும். சர்வர் என்றதும் பெரிய இயந்திரத்தை நினைக்க வேண்டாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று காத்திருக்கும் ஒரு சின்ன நிரல், அவ்வளவே. ரெம்மினாவை லினக்ஸில் நிறுவிவிட்டு, “விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குள் போக முடியவில்லையே” என்று திண்டாடுபவர்கள் உண்டு. ரெம்மினா ஒரு கிளையன்ட். லினக்ஸிலிருந்து வெளியே போகத்தான் அது உதவும். உள்ளே வருபவருக்கு அது கதவைத் திறக்காது.

இரண்டாவது கேள்வி: அங்கே ஏற்கெனவே திறந்திருக்கும் திரையைப் பார்க்க வேண்டுமா, அல்லது எனக்கென்று புதிதாக ஓர் அமர்வு வேண்டுமா? இரண்டும் வேறு வேறு. முதல் வகையில், அங்கே ஒருவர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தால் அவர் பார்ப்பதையே நீங்களும் பார்ப்பீர்கள். ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க, சிக்கலைச் சரிசெய்துதர இதுதான் ஏற்றது. இரண்டாம் வகையில், அந்தக் கணினியின் மானிட்டரில் ஒன்றுமே தெரியாது. உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு டெஸ்க்டாப் உருவாகும். மானிட்டரே இல்லாத கணினிக்கு இதுதான் வழி.

மேசைக் கணினிக்கான விண்டோஸ் இதில் ஒரு நடுவழியில் போகிறது. நீங்கள் ஆர்டிபியில் நுழைந்ததும், அதே பயனர் அங்கே திறந்து வைத்திருந்த அமர்வு அப்படியே உங்கள் கைக்கு வரும். அங்கே உள்ள மானிட்டரில் பூட்டுத் திரை வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். லினக்ஸில் எந்த நிரலைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்து இரண்டு வகையுமே கிடைக்கும். குழப்பத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது, கீழே வருகிறேன்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு

இது சுலபமான திசை. ஏனென்றால் சர்வர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, இயக்கிவிட்டால் போதும். ஆனால் எல்லாப் பதிப்பிலும் இல்லை. விண்டோஸ் 10, 11-இன் புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் உண்டு. ஹோம் பதிப்பில் இல்லை. ஹோம் பதிப்பிலிருந்து வேறு கணினிக்குப் போகலாம். அதற்குள் வர முடியாது. எந்தப் பதிப்பு என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஹோம்தான் என்றால் டைட்விஎன்சி, ரஸ்ட்டெஸ்க் போன்ற வேறு நிரல்களைத்தான் நாட வேண்டும். ஹோம் பதிப்பிலேயே ஆர்டிபியைத் திறந்துவிடுகிறோம் என்று சொல்லும் ஒட்டுவேலை நிரல்களைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு விண்டோஸ் அப்டேட்டிலும் அவை உடையலாம். யாரோ எழுதியதை இயங்குதளத்தின் மையத்தில் செருகுவதும் நல்லதல்ல.

புரோ பதிப்பு என்றால் செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் ரிமோட் டெஸ்க்டாப் என்பதற்குப் போய் பொத்தானைத் தள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் தேவையான விதியை விண்டோஸே திறந்துகொள்ளும். நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் என்று ஒரு விருப்பம் இருக்கும், அதை அணைக்காதீர்கள். அது இருந்தால், பயனர் யார் என்று உறுதியான பிறகுதான் விண்டோஸ் முழு அமர்வைத் திறக்கும்.

அடுத்து அந்தக் கணினியின் ஐபி முகவரி வேண்டும். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் என்று தட்டினால் தெரியும். வீட்டு நெட்வொர்க்கில் அது பெரும்பாலும் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். இந்த முகவரி ரூட்டர் கொடுப்பது, நாளை மாறிப்போகலாம். இன்று வேலை செய்த இணைப்பு அடுத்த வாரம் செய்யவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ரூட்டரின் அமைப்புகளில் அந்தக் கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வைத்துவிட்டால் தொல்லை விட்டது.

இப்போது லினக்ஸ் பக்கம். ரெம்மினா பல லினக்ஸ் வழங்கல்களில் எளிதாகக் கிடைக்கும். ஆர்டிபிக்கான இணைப்பு நிரலையும் சேர்த்து நிறுவுங்கள். திறந்து, நெறிமுறையாக ஆர்டிபியைத் தேர்ந்து, ஐபி முகவரியைக் கொடுத்து, விண்டோஸின் பயனர்பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினால் சரி. முதல் முறை ஒரு சான்றிதழ் எச்சரிக்கை வரும். விண்டோஸ் தானே தனக்கு எழுதிக்கொண்ட சான்றிதழ் அது, அதனால்தான். உங்கள் சொந்த நெட்வொர்க்கில், சரியான முகவரிக்குத்தான் போகிறீர்கள் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். பல நாள் பழகிய கணினிக்குத் திடீரென்று மறுபடி எச்சரிக்கை வந்தால் மட்டும், ஏன் என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். ரெம்மினாவின் உள்ளே ஆர்டிபி வேலையைச் செய்வது ஃப்ரீஆர்டிபி என்ற நூலகம். டெர்மினலிலேயே வேலையை முடிக்க விரும்புபவர்கள் அதை நேரடியாகவும் இயக்கலாம்.

பாஸ்வேர்ட் விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸில் தினமும் 4 இலக்கப் பின் எண்ணைத் தட்டித்தானே உள்ளே போகிறோம், அதையே இங்கேயும் கொடுப்போம் என்று நினைப்பார்கள். பின் எண் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது, ஆர்டிபியில் செல்லாது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் பயனர்பெயராக அந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் மறுக்கிறதா? அந்தக் கணினியில் ஒருமுறைகூடப் பாஸ்வேர்ட் போட்டு நுழையாமல் எப்போதும் பின் எண்ணிலேயே நுழைந்திருந்தால் இப்படி ஆகும். நேரில் போய் ஒருமுறை பாஸ்வேர்டால் உள்நுழைந்தால் சரியாகிவிடும். அந்த வழியே திரையில் காட்டவில்லை என்றால், செட்டிங்ஸில் விண்டோஸ் ஹலோ (பின் எண், முகம், கைரேகை வழி நுழைவு) மட்டும் போதும் என்ற விருப்பம் இயங்கிக்கொண்டிருக்கும்; அதை அணையுங்கள். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால், நெட்வொர்க் வழியாக வர விண்டோஸ் இயல்பாகவே விடாது. அது நல்லதுதான்.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு

இந்தத் திசையில் கிளையன்ட் பற்றிக் கவலையில்லை. ஹோம் உட்பட எல்லா விண்டோஸிலும் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் என்ற நிரல் இருக்கிறது; தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டினால் வரும். யோசிக்க வேண்டியது லினக்ஸ் பக்கத்துச் சர்வரைத்தான். மேலே சொன்ன இரண்டாவது கேள்வி இங்கே வருகிறது.

உபுண்டு போல க்னோம் டெஸ்க்டாப் உள்ள லினக்ஸ் என்றால் வெளியிலிருந்து எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2022-இல் வந்த க்னோம் 42-இலிருந்து ஆர்டிபி சர்வர் அதன் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. உபுண்டு 22.04-இல் ஷேரிங் பகுதியிலும், 24.04-இல் சிஸ்டம் பகுதியிலும் பார்க்கலாம். 24.04-இல் இரண்டு விருப்பங்கள் தனித்தனியாக இருக்கும். டெஸ்க்டாப் ஷேரிங் என்பது ஏற்கெனவே திறந்திருக்கும் திரையைக் காட்டும். ரிமோட் லாகின் என்பது யாரும் உள்ளே இல்லாதபோதும் வெளியிலிருந்து நுழையவிடும். இந்த ரிமோட் லாகின் 2024-இல் க்னோம் 46-உடன் வந்தது. எந்தப் போர்ட்டில் (ஒரே கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய கதவு எண்) இணைய வேண்டும் என்பதையும் அந்தப் பக்கமே காட்டும், பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே கேட்கப்படும் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் உங்கள் லினக்ஸ் கணக்குடையவை அல்ல. இணைப்புக்காகத் தனியாக வைப்பவை.

டெஸ்க்டாப் ஷேரிங்கில் இரண்டு சங்கடங்கள் உண்டு. திரை பூட்டிக்கொண்டால் இணைப்பும் போய்விடும். தானாக உள்நுழையும்படி கணினியை அமைத்திருந்தால், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் சாவிக்கொத்து என்ற பெட்டகம் திறக்காமலே இருக்கும்; இணைப்பின் பாஸ்வேர்டும் அதற்குள்தான் இருக்கிறது. அதனால் இணைப்பு மறுக்கப்படும். அடுத்த அறையில் இருக்கும் கணினியின் திரையைக் கொஞ்ச நேரம் பார்க்க இது நல்ல வழி. வெளியூரிலிருந்து தினமும் நுழைய வேண்டும் என்றால் ரிமோட் லாகின்தான் சரி.

கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு, அதன் பிளாஸ்மா 6.1 பதிப்பிலிருந்து ஆர்டிபி சர்வர் சிஸ்டம் செட்டிங்ஸில் கிடைக்கிறது.

மற்ற லினக்ஸ்களுக்கும், மானிட்டர் இல்லாத கணினிகளுக்கும் பல காலமாகக் கைகொடுப்பது எக்ஸ்ஆர்டிபி. இது புதிய அமர்வைத் திறக்கும் வகை. டெபியன், உபுண்டுவில் ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை மூலம் எக்ஸ்ஆர்டிபி தொகுப்பை நிறுவினால் சேவை தானாகவே ஓடத் தொடங்கும்; ஃபெடோராவில் நிறுவிய பிறகு சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் நீங்களே இயக்கி வைக்க வேண்டும். லினக்ஸின் ஃபயர்வால் ஓடிக்கொண்டிருந்தால், ஆர்டிபியின் வழக்கமான 3389 போர்ட்டைத் திறக்க வேண்டும். உள்ளூர் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்தால் போதும். பிறகு விண்டோஸிலிருந்து லினக்ஸின் ஐபி முகவரியைக் கொடுத்தால் எக்ஸ்ஆர்டிபியின் உள்நுழைவுப் பெட்டி வரும். இங்கே உங்கள் உண்மையான லினக்ஸ் பயனர்பெயரையும் பாஸ்வேர்டையும்தான் கொடுக்க வேண்டும்.

சரி, கொடுத்தாகிவிட்டது. கறுப்புத் திரை மட்டும் வருகிறது, அல்லது வந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. எக்ஸ்ஆர்டிபியில் மிக அதிகமாகக் கேட்கப்படும் புகார் இதுதான். அந்தக் கணினியின் மானிட்டரில் அதே பயனர் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதுதான் பொதுவான காரணம். எக்ஸ்ஆர்டிபி புதிய அமர்வைத் திறக்கப் பார்க்கிறது. ஆனால் க்னோம் போன்ற டெஸ்க்டாப்கள் ஒரே பயனருக்கு ஒரே நேரத்தில் இரண்டு அமர்வுகளை விரும்புவதில்லை. அங்கே லாக்அவுட் செய்துவிட்டு முயன்றால் பெரும்பாலும் திரை வந்துவிடும். பூட்டினால் போதாது, லாக்அவுட் செய்ய வேண்டும். அது முடியாது என்றால் தொலைவிலிருந்து நுழைய மட்டும் வேறொரு பயனர் கணக்கை உருவாக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணம், எந்த டெஸ்க்டாப்பைத் தொடங்குவது என்று எக்ஸ்ஆர்டிபிக்குத் தெரியாமல் போவது. எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பை நிறுவி, உங்கள் ஹோம் அடைவில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்செஷன் கோப்பை உருவாக்கி, அதில் எக்ஸ்எஃப்சிஇ-யின் அமர்வைத் தொடங்கும் ஒற்றை வரியை எழுதி வைத்தால் இது தீரும். லினக்ஸில் சன்னல்களைத் திரையில் வரைய எக்ஸ்11, வேலண்ட் என்று இரண்டு முறைகள் உண்டு. எக்ஸ்ஆர்டிபி பழைய எக்ஸ்11 முறையைச் சார்ந்தது. க்னோமோ வேலண்ட் முறைக்கு முழுதாக நகர்ந்துவருகிறது. ஆகவே எக்ஸ்ஆர்டிபிக்கு எக்ஸ்எஃப்சிஇ, க்னோமுக்கு அதன் சொந்தச் சர்வர் என்று பிரித்துக்கொள்வது இன்றைக்கு நிம்மதியான ஏற்பாடு. இரண்டையும் ஒரே கணினியில் இயக்கினால் 3389 போர்ட்டுக்கு இரண்டும் போட்டி போடும்; ஒன்றை அணைத்துவிடுங்கள்.

இணையவில்லை என்றால்

பிழைச் செய்தியைப் படியுங்கள். அதில் விடையின் பாதி இருக்கும். இணைப்பு உடனே மறுக்கப்பட்டது என்று வந்தால் அது ஒருவகையில் நல்ல செய்தி. முகவரி சரி, அந்தக் கணினி விழித்திருக்கிறது, பதிலும் சொல்கிறது. அந்தப் போர்ட்டில் சர்வர் நிரல்தான் ஓடவில்லை. நீண்ட நேரம் காத்திருந்து காலாவதி ஆனது என்று வந்தால் கதை வேறு: முகவரி தவறு, அல்லது கணினி தூங்கிவிட்டது, அல்லது ஃபயர்வால் சத்தமில்லாமல் தடுக்கிறது. பாஸ்வேர்ட் பிழை என்று வந்தால் நெட்வொர்க் பக்கம் எல்லாம் சரி. இனி கணக்கை மட்டும் பார்த்தால் போதும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே தேடலின் பரப்பு பெரிதும் சுருங்கிவிடும்.

பிங் செய்து (கணினி விழித்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) பார்த்தேன், பதில் இல்லை, ஆகவே கணினி செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துக்கொண்டே ஆர்டிபியை அனுமதிக்கலாம். போர்ட்டையே நேரடியாகச் சோதிப்பது நம்பகமானது. விண்டோஸின் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்ற கட்டளை முகவரியோடு போர்ட் எண்ணையும் வாங்கிக்கொண்டு, திறந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். லினக்ஸில் நெட்கேட் அதே வேலையைச் செய்யும்.

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. தொலைவில் விட்டுவிட்டு வரும் கணினியின் பவர் அமைப்புகளில், தானாக ஸ்லீப்புக்குப் போவதை நிறுத்தி வையுங்கள். திரை மட்டும் அணைந்தால் கெடுதல் இல்லை.

வெளியிலிருந்து நுழைய: ஒரு கண்டிப்பான வேண்டுகோள்

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு கணினிகளும் ஒரே ரூட்டரின் கீழ் இருக்கும் நிலைக்கு. வீட்டில் வேலை செய்தது வெளியே போனதும் செய்யவில்லையே என்று ஒருநாள் தோன்றும். அப்போது, ரூட்டரில் 3389 போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிடு என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இணையம் முழுவதும் திறந்த 3389 போர்ட்டுகளைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு. உங்கள் முகவரி யாருக்கும் தெரியாது என்பது பாதுகாப்பு ஆகாது. அவை எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கின்றன. கண்டுபிடித்ததும் பாஸ்வேர்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும். நல்ல பாஸ்வேர்ட் வைத்திருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டையை நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் 7 மற்றும் அதற்கு முந்தைய பதிப்புகளின் ஆர்டிபி சேவையில் இருந்த அந்தக் குறை வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல் கணினிக்குள் நுழைய முடியும் என்ற நிலை. ஆதரவு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் அதன் தீவிரம் புரியும். திருடப்பட்ட அல்லது ஊகிக்கப்பட்ட ஆர்டிபி கணக்குகள், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்களுக்குப் பழகிய நுழைவழி. போர்ட் எண்ணை வேறொன்றாக மாற்றினால் தட்டும் சத்தம் கொஞ்சம் குறையும், பாதுகாப்பு கூடாது.

பாதுகாப்பான வழிகள் இரண்டு. ஒன்று விபிஎன், அதாவது இணையத்தின் வழியே மறையாக்கத்தோடு போகும் தனி நெட்வொர்க். வயர்கார்ட் என்ற விபிஎன் இப்போது லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது, 2020-இல் வந்த 5.6-இலிருந்து, விண்டோஸுக்கும் நிரல் உண்டு. அதை அமைத்துவிட்டால், நீங்கள் எங்கே இருந்தாலும் உங்கள் கணினிகள் ஒரே நெட்வொர்க்கில் இருப்பது போல ஆகிவிடும். மேலே சொன்ன எல்லாம் அப்படியே செல்லுபடியாகும். ரூட்டர் அமைப்புகளில் கை வைக்கத் தயங்குபவர்களுக்கு, வயர்கார்ட்டின் மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இன்னும் எளிது. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று எஸ்எஸ்எச் சுரங்கம். எஸ்எஸ்எச் என்பது தொலைவிலுள்ள கணினியில் கட்டளைகளைத் தட்ட உதவும், மறையாக்கப்பட்ட இணைப்பு. லினக்ஸ் கணினிக்கு ஏற்கெனவே எஸ்எஸ்எச் வழி இருந்தால், அதற்குள்ளேயே ஆர்டிபியை அனுப்பலாம். விண்டோஸ் 10, 11-இல் எஸ்எஸ்எச் கிளையன்ட் இருக்கிறது. கட்டளையின் வடிவம் இது, ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்:

எஸ்எஸ்எச் -எல் 3390:லோக்கல்ஹோஸ்ட்:3389 பயனர்@முகவரி

கோட்டுக்குப் பின்னால் வரும் எல் பெரிய எழுத்து. உங்கள் கணினியின் 3390 போர்ட்டுக்கு வருவதை எல்லாம் சுரங்கம் வழியாகக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தின் 3389-இல் சேர்த்துவிடு என்பது பொருள். சன்னலை மூடாமல் விட்டுவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷனில் லோக்கல்ஹோஸ்ட்:3390 என்று கொடுத்தால் லினக்ஸ் திரை வரும். வெளியுலகுக்கு 3389 தெரியவே தெரியாது. எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பைப் பயன்படுத்தினால் இன்னும் உறுதி.

இணைந்த பிறகு

கிளிப்போர்ட் பெரும்பாலும் இரண்டு பக்கமும் தானாகவே வேலை செய்யும். இங்கே நகலெடுத்து அங்கே ஒட்டலாம். கோப்புகளுக்கு ரெம்மினாவில் ஒரு அடைவைப் பகிரும் விருப்பம் இருக்கிறது. அது விண்டோஸில் ஒரு நெட்வொர்க் டிரைவ் போலத் தோன்றும். எழுத்துகள் மாறி விழுகின்றனவா? ஆர்டிபி பொதுவாக அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை. அதை எழுத்தாக்குவது அந்தப் பக்கத்து விசைப்பலகை அமைப்பு. அதனால் தமிழில் தட்ட வேண்டும் என்றால் தமிழ் விசைப்பலகையை அங்கேயும் நிறுவியிருக்க வேண்டும். இணைப்பு மெதுவாக இருந்தால் வண்ண ஆழத்தைக் குறைத்து, பின்னணிப் படத்தையும் அசைவூட்டங்களையும் அணைத்துப் பாருங்கள்.

வெளியே வரும்போது சன்னலை மூடுவதும் சைன்அவுட் செய்வதும் ஒன்றல்ல. சன்னலை மூடினால் இணைப்பு மட்டும் அறுகிறது. அங்கே நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நீண்ட நேரம் ஓடும் வேலையைத் தொடங்கி வைத்துவிட்டுக் கிளம்புவதற்கு இது நல்ல வசதி. சைன்அவுட் செய்தால் எல்லாம் மூடப்படும், சேமிக்காதது போய்விடும். பழக்கதோஷத்தில் ஷட்டவுன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ரீஸ்டார்ட் என்றால் திரும்ப எழுந்து வரும். ஷட்டவுன் கொடுத்தால், நெட்வொர்க் வழியாகவே கணினியை எழுப்பும் வேக் ஆன் லேன் போன்ற ஏற்பாடு முன்பே செய்திருந்தால் ஒழிய, யாராவது நேரில் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும்.